வாற்கோதுமை நீர் வந்த வழி

ஆண்டுதோறும் கோடையில் லண்டன் மாநகரின் தென்மேற்குப் பகுதியான விம்பிள்டனில் உலகப் புகழ் பெற்ற டென்னிஸ் போட்டிகள் நடைபெறுகின்றன. பசும்புல் தரையும், வீரர்கள் அணியும் வெண்ணிற ஆடையும், பாலேட்டில் தோய்த்த ஸ்ட்ராபெரிப் பழமும் அப்போட்டிகளின் அடையாளங்கள். அவற்றோடு நான்காவதாக ஒன்றும் நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. நடுவர் அமரும் உயர்ந்த நாற்காலிக்கு அருகே வைக்கப்பட்டிருக்கும் புட்டிகளில் இளமஞ்சள் நிறத்தில் கலங்கலாகத் தோன்றும் எலுமிச்சை பார்லி நீரே அது. ராபின்சன்ஸ் என்னும் பெயர் தாங்கிய அந்தப் பானத்தைப் பற்றி ஓர் ஆங்கிலேயரிடம் கேட்டால், எங்கள் பாட்டன் காலத்துப் பானம் என்று பெருமிதத்தோடு சொல்வார். பாட்டன் காலத்தது என்பது மெய்யே. எந்தப் பாட்டன் என்பதைத்தான் சற்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பானம் நமக்கும் அந்நியமானதன்று. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலோ, வெயில் காலத்தில் நீர்க்கடுப்பு வந்தாலோ, உம்மா ஒரு கைப்பிடி பார்லி அரிசியைக் கழுவி அடுப்பிலேற்றி, அது குழைந்ததும் துணியில் வடித்து, ஒரு சிட்டிகை உப்போ கற்கண்டோ சேர்த்துக் குடிக்கத் தந்த நினைவு நம்மில் பலருக்கும் உண்டு. அன்று மருந்துக் கடையில் விற்ற பார்லி மாவுத் தகர டப்பாவின் மேல் ஆங்கில எழுத்துகள் இருந்தன. ஆகவே அதுவும் வெள்ளைக்காரன் கொண்டு வந்த வைத்தியம் என்றே நாம் நினைத்திருந்தோம். தமிழ் அகராதி அத்தானியத்தை வாற்கோதுமை என்கிறது. வடமொழியில் யவம்; அரபியில் ஷஈர்; பார்சியில் ஜவ். யூனானி ஹகீம்கள் அதன் கஞ்சி நீரை ஆஷே ஜவ் என்றும் மாவுஷ் ஷஈர் என்றும் சீட்டில் எழுதி வந்தனர். ஆங்கிலத் தகர டப்பா இந்நாட்டுக் கரையில் வந்து இறங்குவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே ஹகீம்களின் சீட்டில் அந்தப் பெயர் இருந்தது.

யூனானி என்றால் கிரேக்கருடையது என்று பொருள். எனவே கிரேக்கத்திலிருந்தே தொடங்குவோம். மருத்துவ மேதை ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களுள் கடுநோய்களில் பின்பற்ற வேண்டிய உணவு முறையைக் கூறும் நூல் ஒன்று உண்டு. கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளின் மருத்துவச் சிந்தனையை அது காட்டுகிறது. அந்நூலின் பெரும் பகுதி ஒரே ஒரு பொருளைச் சுற்றியே நடக்கிறது. அதுதான் உமி நீக்கிக் காய்ச்சிய வாற்கோதுமைக் கஞ்சி. குற்றி உமி போக்குதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த 'பிடிசானே' என்பது அதன் பெயர். காய்ச்சலில் கிடப்பவனுக்கு முதல் நாளே பருக்கையோடு கூடிய கஞ்சியைக் கொடுப்பதா, வடித்த நீரை மட்டும் கொடுப்பதா, இரண்டையும் நிறுத்தி வைப்பதா என்று நூலாசிரியர் பிற மருத்துவரோடு வாதிடுகிறார். சில நாள் பட்டினி போட்டுவிட்டுத் திடீரெனக் கெட்டிக் கஞ்சியைப் புகட்டுவது நோயாளியை மாய்த்துவிடும் என்பது அவர் கருத்து. ஒரு கஞ்சிக்கு இத்தனை வாதமா என்று நமக்குத் தோன்றலாம். காய்ச்சலுக்கு வேறு மருந்து ஏதுமில்லாத காலம் அது. கொடுப்பதும் நிறுத்துவதுமே அன்றைய மருத்துவனின் கைப்பொருள். பின்னாளில் கேலன் இந்தக் கஞ்சியைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். பிரெஞ்சு மக்கள் மூலிகைக் கஷாயத்தைத் 'தீசான்' என்று இன்றும் அழைப்பது இச்சொல்லின் எச்சமே.

அரபு நாட்டில் வாற்கோதுமை ஏழையின் தானியமாக இருந்தது. கோதுமை வடக்கிலிருந்து வந்த விலையுயர்ந்த சரக்கு. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் உண்ணப்பட்டது பெரும்பாலும் வாற்கோதுமை ரொட்டியே. அம்மாவு சல்லடையைக் கண்டதில்லை. அரைத்த பின் வாயால் ஊதி உமியைப் பறக்கவிட்டு, எஞ்சியதைப் பிசைந்தார்கள் என்று நபித்தோழர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் புகாரியில் உள்ளது. நோன்புப் பெருநாளின் ஃபித்ரா தர்மத்தைப் பேரீச்சையிலோ வாற்கோதுமையிலோ ஒரு ஸாஉ என்று விதித்ததும் அது எல்லாருடைய வீட்டிலும் இருந்த பொருள் என்பதனாலேயே ஆகும். அண்ணலார் இவ்வுலகை நீத்த வேளையில் அவர்களது போர்க்கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்பதை நாம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம்.

அந்த எளிய தானியமே நோயுற்றவர்க்கும் துயருற்றவர்க்கும் உரிய உணவாகவும் இருந்தது. குடும்பத்தில் ஒரு மரணம் நேர்ந்து, கூடிய பெண்கள் கலைந்து சென்ற பின்னர், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பானையில் தல்பீனா காய்ச்சச் செய்வார்கள். நோயாளியின் உள்ளத்துக்கு அது ஆறுதல் தரும், துயரத்தில் ஒரு பகுதியைப் போக்கும் என்று அண்ணலார் கூறக் கேட்டதாக அவர்கள் அறிவித்துள்ளார்கள். மாவை நீர்க்கக் காய்ச்சிய கஞ்சியே தல்பீனா. பாலைக் குறிக்கும் 'லபன்' என்ற சொல்லிலிருந்து, அதன் வெண்மையும் இளக்கமும் கருதி அப்பெயர் வந்தது என்பர். இன்னொரு செய்தியும் உண்டு. நோயிலிருந்து எழுந்த ஹஸரத் அலீ (ரலி) அவர்கள் வீட்டில் தொங்கிய பேரீச்சைக் குலையிலிருந்து உண்ணத் தொடங்கியபோது, உடல் இன்னும் தேறவில்லை என்று அண்ணலார் தடுத்து, கீரையும் வாற்கோதுமையும் சேர்த்துச் சமைத்த உணவை உண்ணுமாறு காட்டினார்கள். பத்தியம் என்பதன் இலக்கணம் முழுவதும் அந்தச் சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

அதே தானியத்துக்கு வேறொரு முகமும் உண்டு. யமன் நாட்டுக்கு அனுப்பப்பட்ட அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள், அங்கே வாற்கோதுமையிலிருந்து வடிக்கப்படும் 'மிஸ்ர்' என்னும் பானத்தைப் பற்றி அண்ணலாரிடம் கேட்டார்கள். போதை தருவது எதுவாயினும் விலக்கப்பட்டதே என்பது விடையாயிற்று. விலக்கு தானியத்துக்கு அன்று; அதை முளைகட்டிப் புளிக்கவைத்து மயக்கம் தரும் பொருளாக்கும் செயலுக்கே. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இங்கிலாந்துக்குப் போகும்போது இது மீண்டும் குறுக்கே வரும்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாது நகரம் கிரேக்க நூல்களை அரபியில் பெயர்ப்பதில் முனைந்திருந்தது. ஹிப்போகிரட்டீஸின் மேற்சொன்ன நூலும் பெயர்க்கப்பட்டது. வாற்கோதுமை நீர் நூல் என்றே அது அரபியரிடையே பெயர் பெற்றது. கலீஃபாக்களின் அரண்மனை மருத்துவராயிருந்து 857-இல் மறைந்த யூஹன்னா இப்னு மாஸவைஹி, வாற்கோதுமை நீரைப் பற்றி மட்டுமே அரபியில் ஒரு தனி நூல் எழுதினார். இவர் நஸ்தூரிய கிறிஸ்தவர். இவருடைய மாணவரும், கேலனின் நூல்களைப் பெயர்த்தவர்களுள் தலைசிறந்தவருமான ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் கிறிஸ்தவரே. முஸ்லிம் ஆட்சியின் நிழலில் அரபி மொழியில் பல சமயத்தாரும் சேர்ந்து வளர்த்த கலை அது. அதை முழுக்க நமதென்று உரிமை கொண்டாடுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. நமக்கு அதில் பங்கே இல்லை என்பது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி.

925-ஆம் ஆண்டையொட்டி மறைந்த அர்ராஸீ, பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிந்து எழுதிய நூலில், நோயாளிக்குரிய உணவாக வாற்கோதுமை நீரைக் குறிப்பிடுகிறார். மாதுளையும் அதனோடு இடம் பெறுகிறது. பழமும் வாற்கோதுமையும் சேர்ந்த கூட்டு, ஆங்கிலப் புட்டிக்கு ஓராயிரம் ஆண்டு முன்னரே மருத்துவ நூலில் ஏறிவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். இப்னு ஸீனாவின் அல் கானூன் நூலிலும் வாற்கோதுமை நீருக்கு இடமுண்டு.

எனினும் எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு, 1350-இல் திமிஷ்கில் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களுடையது. நபிவழி மருத்துவத்தை விளக்கும் இடத்தில் தல்பீனாவுக்கும் வாற்கோதுமை நீருக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் சமையற்காரரின் நுணுக்கத்தோடு எடுத்துரைக்கிறார்கள். வாற்கோதுமை நீர் அரைக்காத தானியத்தைக் காய்ச்சி வடிப்பது. தல்பீனா அரைத்த மாவில் காய்ச்சுவது. மாவில் காய்ச்சும்போது தானியத்தின் சத்து நன்றாக வெளிப்படும். அரைக்காததில் காய்ச்சினால் நீர் இலேசாக இருக்கும். நகரத்து மருத்துவர்கள் நகரவாசிகளின் மென்மையான உடலைக் கருதி இரண்டாவதையே விரும்பினர். செய்முறையையும் அவர்கள் தருகிறார்கள். நல்ல வாற்கோதுமையை இடித்து ஒரு பங்கு எடுத்து, அதைப் போல் ஐந்து மடங்கு தூய நீரில் இட்டு, நிதானமான தீயில் ஐந்தில் இரண்டு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சி வடிக்க வேண்டும். இந்த அளவை ஒருமுறை என் தாயாரிடம் படித்துக் காட்டினேன். "இதுக்கு ஒரு கிதாபா? கொதிச்சு வத்தினா இறக்க வேண்டியதுதானே!" என்றார்கள்.

இந்த அறிவு மேற்கே சென்ற பாதை எல்லோரும் அறிந்ததே. பதினோராம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலிக்குச் சென்று மோன்டே கசினோ மடத்தில் வாழ்ந்த கான்ஸ்டன்டைன், அரபி மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் துலைதுலா நகரில் கிரிமோனா ஊரினரான ஜெரார்டு அல் கானூனைப் பெயர்த்தார். பதினேழாம் நூற்றாண்டு வரை அது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக இருந்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் தம் கதை நூலில் ஒரு மருத்துவரை அறிமுகம் செய்கையில், அவர் கற்ற ஆசிரியர்களின் பட்டியலில் ராஸீயையும் இப்னு ஸீனாவையும் இப்னு ருஷ்தையும் சேர்த்தே சொல்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உலகிலுள்ள எதைக் கண்டாலும் அது நம்மிடமிருந்து களவாடப்பட்டது என்று எழுதிவிடும் பழக்கம் நம்மவரில் சிலருக்கு உண்டு. பிரிட்டன் தீவில் வாற்கோதுமை கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய நான்காயிரம் ஆண்டு முன்பிருந்தே விளைகிறது. கஞ்சி காய்ச்ச அவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. தானியக் களஞ்சியத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'பார்ன்' என்பதே பழைய ஆங்கிலத்தில் வாற்கோதுமை வீடு என்று பொருள்படும். அவர்களின் அங்குலம் மூன்று வாற்கோதுமை மணிகளின் நீளம். ஆங்கிலச் செருப்பு அளவு இன்றும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மணி நீளமே கூடுகிறது. நம் ஃபிக்ஹு நூல்களிலும் ஒரு மிஸ்கால் தங்கம் எழுபத்திரண்டு வாற்கோதுமை மணிகளின் எடை என்று கணக்கிடப்பட்டிருப்பதை ஓதியவர்கள் அறிவார்கள். கடலின் இரு கரையிலும் ஒரே மணியை வைத்து ஒருவர் நீளத்தையும் ஒருவர் எடையையும் அளந்திருக்கிறார்கள்! ஆகவே அரபியர் ஆங்கிலேயருக்குத் தந்தது கஞ்சியை அன்று. எந்த நோயில், எந்த நாளில், எந்தப் பதத்தில் அதைக் கொடுப்பது என்னும் மருத்துவ ஒழுங்கையே. கிரேக்கர் வகுத்து, பக்தாது விரித்த ஒழுங்கு அது.

அதோடு வேறு இரு பொருள்களையும் தந்தார்கள். சர்க்கரையின் ஆங்கிலப் பெயர் அரபியின் 'ஸுக்கர்' வழியாகவும், எலுமிச்சையின் பெயர் 'லைமூன்' வழியாகவும் சென்றவை. குடித்தலைக் குறிக்கும் 'ஷரிப' என்னும் அரபி வேரிலிருந்தே 'சிரப்', 'ஷெர்பெட்', 'ஷ்ரப்' ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களும் கிளைத்தன. நம் சர்பத்தும் அதே குடும்பந்தான். சலாஹுத்தீன் அய்யூபியின் அரண்மனை மருத்துவராயிருந்த யூதர் இப்னு ஜுமைஃ, எலுமிச்சையின் குணங்களைப் பற்றி மட்டும் ஒரு நூல் எழுதியுள்ளார். ஆரஞ்சின் பெயர் அரபியின் 'நாரஞ்ஜ்' வழியே சென்றது. அதன் மூலம் நம் நாரத்தையோடு உறவுடைய ஒரு திராவிடச் சொல் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. எலுமிச்சை பார்லி நீர் என்னும் புட்டியில் நீரையும் வாற்கோதுமையையும் தவிர மற்றவற்றின் பெயர்களெல்லாம் கிழக்கிலிருந்து போனவை.

இங்கிலாந்தில் வாற்கோதுமையின் பெரும்பங்கு பீருக்கே போயிற்று. 1830-இல் இயற்றப்பட்ட சட்டம், இரண்டு கினி கட்டணம் செலுத்தும் வரிசெலுத்துவோர் எவரும் தம் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று அனுமதித்தது. தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. இதைக் கண்டு கொதித்தெழுந்தவர்களுள் ஒருவர், பிரஸ்டன் நகரத்துப் பாலாடைக்கட்டி வணிகர் ஜோசப் லைவ்ஸி. 1832-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவரும் வேறு அறுவரும் மதுவை அறவே விலக்குவதாக உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டனர். ஊர் ஊராகச் சென்று அவர் ஆற்றிய சொற்பொழிவு முளைகட்டிய தானியத்தைப் பற்றியது. இறைவன் உணவாகப் படைத்த வாற்கோதுமையின் சத்து, முளைகட்டி வடிக்கும் ஒவ்வொரு படியிலும் எவ்வாறு வீணாகிறது என்று மேடையிலேயே கணக்குப் போட்டுக் காட்டுவார். யமனிலிருந்து வந்த அந்தப் பழைய கேள்வி, பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு கிறிஸ்தவ வணிகரின் வாயில் வேறு உருவில் எழுந்தது என்றே எனக்குப் படுகிறது. மதுவுக்கு மாற்றாக இனிய பானங்களைத் தேடும் வேட்கை ஆங்கிலச் சமுதாயத்தில் இந்த இயக்கத்தாலேயே வலுப்பெற்றது.

அதுவரை வாற்கோதுமை நீர் நோயாளியின் கட்டிலருகே ஒதுங்கிக் கிடந்தது. 1861-இல் வெளிவந்து ஆங்கில இல்லங்களெங்கும் புகுந்த திருமதி பீட்டனின் இல்லற நூலில், நோயாளிகளுக்கான சமையலில் அது இடம்பெற்றிருக்கிறது. இரண்டு அவுன்ஸ் தீட்டிய வாற்கோதுமையை முதலில் சிறிது நீரில் கொதிக்கவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதிய கொதிநீர் ஊற்றிப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிக்கச் சொல்கிறார். இப்னுல் கய்யிம் ஐந்தில் இரண்டு பங்கு என்றார்; திருமதி பீட்டன் இரண்டில் ஒரு பங்கு என்கிறார். வேறுபாடு அவ்வளவே. தானியத்தை முத்துப்போல் தீட்டும் ஆலையின் நுட்பத்தை 1710-இல் ஜேம்ஸ் மீக்கிள் என்னும் ஸ்காத்லாந்துத் தச்சர் ஹாலந்துக்குச் சென்று கற்று வந்திருந்தார்.

ஆனால் மணிக்கணக்கில் அடுப்பருகே நிற்க யாருக்கு நேரம்? இங்கேதான் ராபின்சன் வருகிறார். 1823-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் அந்நிறுவனம், லண்டனின் ஹோல்போர்ன் பகுதியில் வாற்கோதுமையை நுண்ணிய மாவாக அரைத்து 'பேட்டன்ட் பார்லி' என்று டப்பாக்களில் விற்றது. கரைத்துச் சிறிது நேரம் காய்ச்சினால் போதும்; வடிக்க வேண்டியதுமில்லை. கைக்குழந்தைக்குரிய பசும்பாலைத் தணிக்கவும், நோயாளியின் கஞ்சிக்கும் அது பயன்பட்டது. வாசகர்கள் கவனித்திருக்கலாம்: ராபின்சன் செய்தது முழு மணியை விட்டு மாவுக்குத் திரும்பியதுதான். மருத்துவர்களின் வாற்கோதுமை நீர் முறையை விட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பானையிலிருந்த தல்பீனா முறைக்கு அவர் அறியாமலே வந்து சேர்ந்தார். அந்த டப்பாதான் இந்தியாவுக்கும் வந்தது.

நிறுவனம் 1862-இல் கீன் என்னும் கடுகு வணிகக் குடும்பத்தோடு இணைந்தது. 1903-இல் நார்விச் நகரத்துக் கடுகு வணிகரான கோல்மன் நிறுவனத்தார் கைக்குச் சென்றது. 1935-இல் நிறுவனத்தைச் சார்ந்த எரிக் ஸ்மெட்லி ஹாட்ஜ்சன் என்பவர், விம்பிள்டன் வீரர்களின் உடைமாற்றும் அறையில், பார்லித் தூளோடு எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் நீரும் கலந்து களைத்தவர்களுக்குக் கொடுத்தார். வீரர்கள் விரும்பிக் குடித்தனர். விரைவில் அது புட்டியிலடைத்துக் கடைக்கு வந்தது. நூற்றாண்டுகளாக நோயாளியின் நீராயிருந்தது ஆரோக்கியம் மிக்கவர்களின் பானமாக மாறிய தருணம் அதுதான். காய்ச்சலால் வற்றிய உடலும் ஓடியாடி வியர்த்த உடலும் வேண்டுவது ஒன்றே என்பதை ஹாட்ஜ்சன் கண்டுகொண்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது 1943 முதல் 1948 வரை பிரிட்டிஷ் குளிர்பானத் தொழில் முழுவதும் ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவரப்பட்டு, எல்லா வணிகப் பெயர்களும் மறைந்திருந்தன. பின்னர் ராபின்சன்ஸ் மீண்டும் தலையெடுத்து, ஆரஞ்சு, பீச் முதலிய பழங்களைச் சேர்த்த பழ பார்லி வகைகளையும் வெளியிட்டது. 1995-இல் அது பிரிட்விக் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. சர்க்கரை மிகுந்த பானங்களுக்கு 2018 ஏப்ரல் முதல் பிரிட்டிஷ் அரசு தனித் தீர்வை விதித்தது. இனிப்பூட்டும் வேதிப்பொருள்கள் சர்க்கரையின் இடத்தைப் பிடிக்கலாயின. விம்பிள்டனோடு இருந்த உறவும் 2022-இல் முடிவுற்றது.

புட்டிக்குள் வந்த பின் வாற்கோதுமையே சிறுத்துப்போனது என்பது என் மனக்குறை. பழைய பானையில் அது முதற்பொருள்; இன்று பானத்துக்குக் கலங்கல் நிறமும் சற்றுக் கொழகொழப்பும் தரும் துணைப்பொருள். வாற்கோதுமையிலுள்ள பீட்டா குளுக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து இரத்தக் கொழுப்பைக் குறைக்கிறது என்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் முறைப்படி ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால் அதற்கு நாளொன்றுக்கு மூன்று கிராம் அளவு வேண்டும். தானியத்தைச் சமைத்து உண்பவர்க்கே அது எளிதில் எட்டும். ஒரு குவளை இனிப்பு நீர் குடிப்பவர் அதை எதிர்பார்க்க வேண்டாம். கோதுமைப் புரதம் ஒவ்வாத குடல்நோய் உடையவர்களுக்கு வாற்கோதுமையும் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெயர்களின் விளையாட்டும் விந்தையானது. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் சகோதரர்கள் 'மாவுஷ் ஷஈர்' என்று அரபியில் எழுதிய புட்டிகளைக் கடைகளில் கண்டிருப்பார்கள். அது இப்னு மாஸவைஹியின் வாற்கோதுமை நீர் அன்று. முளைகட்டிய தானியத்திலிருந்து செய்யப்படும் மதுவற்ற மால்ட் பானம். பெயர் அங்கே நிற்க, பொருள் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. அதே வளைகுடாவில் நோன்பு திறக்கும் விரிப்பில் நீக்கமறக் காணப்படும் விம்டோ, 1908-இல் மான்செஸ்டர் நகரில் ஜான் நோயல் நிக்கல்ஸ் என்பவர் சத்து மருந்தாக உருவாக்கிய ஆங்கிலப் பழப் பானம். அதில் திராட்சையும் பெர்ரிப் பழங்களும் உண்டு, வாற்கோதுமை கிடையாது.

2025 ஜனவரியில் பிரிட்விக் நிறுவனம் முழுவதையும் டென்மார்க் நாட்டின் கார்ல்ஸ்பெர்க் நிறுவனம் வாங்கிவிட்டது. கார்ல்ஸ்பெர்க் 1847-இல் கோபன்ஹேகனில் தோன்றிய பீர் வடிப்பாலை. லைவ்ஸி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! இச்செய்தி அறிந்த அன்பர் சிலர், இனி அந்தப் பானத்தைக் குடிக்கலாமா என்று கேட்கிறார்கள். மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது. செய்முறையைப் பொறுத்தவரை நான் சொல்லக்கூடியது இதுதான்: பழ பார்லிப் பானத்தில் சேர்வது வெறும் வாற்கோதுமை மாவு. அது முளைகட்டப்படுவதில்லை, புளிக்கவைக்கப்படுவதுமில்லை. உரிமையாளர் மாறியதால் அந்தச் செய்முறை மாறிவிடவில்லை.